அஞ்சலீனா எரிமலை பார்க்கப் போன கதை

மொன்ட்ரியாலில் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற ஒரு பெண்ணுக்கு எரிமலையோடு என்ன அலுவல் என்று நீங்கள் கேட்பீர்கள். அவளுடைய புருசன் ஹென்றியும் அதைத்தான் கேட்டார். எரிமலையைக் கண்டால் சனம் ஓடும், காசு கொடுத்து ரிக்கெற் எடுத்துப் போய்ப் பார்க்கிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்றார். அஞ்சலீனா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் விட்டால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். முப்பது வருடம் கூட வாழ்ந்த மனுசன் ஆகையால் ஹென்றி மேற்கொண்டு வாய் திறக்காமல் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

அஞ்சலீனாவுக்கு வயது ஐம்பத்தாறு. மன்னாரில் நானாட்டான் பக்கம் பிறந்தவள். ஆள் கட்டை, முழங்கால் இரண்டும் கொஞ்சம் தகராறு, குரல் மட்டும் தேர் வடம் பிடிக்கிற இடத்தில் நின்றாலும் கேட்கும். மொன்ட்ரியால்-நோரில் வீடு, கொத்-தே-நேஜில் வேலை. பஸ்ஸும் மெத்ரோவுமாக ஒரு மணித்தியாலம் போய் ஒரு மணித்தியாலம் வருவாள். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் கதை சொல்வதில் அவளை அடிக்க அங்கே ஆள் கிடையாது. அதிலும் ஒரு கதை அவளுக்கென்றே எழுதி வைத்தது மாதிரி.

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பரில் நாலு வயதுக்காரரை வரிசையாகக் கயிறு பிடிக்கவைத்து மொன்-ரோயல் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். புல்லில் இருத்தி வைத்துவிட்டு, நீங்கள் இருக்கிற இந்த மலை ஒரு காலத்தில் நெருப்புக் கக்கின மலை என்று தொடங்குவாள். கையை விரித்து அவள் 'பூம்' என்று சொல்லும்போது பதினைந்து வாய்களும் ஒன்றாகத் திறக்கும். ஒன்றிரண்டு அழும். அந்தக் கதையை யார் அவளுக்குச் சொன்னார்கள் என்பது அவளுக்கே மறந்துபோய்விட்டது. மொன்ட்ரியாலில் எல்லோரும் சொல்வதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செப்டெம்பரில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உதவிக்கு ஒரு தகப்பன் கூட வந்தார். ஹர்ஷ் என்ற சின்னப் பையனின் அப்பா அனிருத். சென்னைக்காரர், பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிப்பிக்கிறவர், மிக மரியாதையான ஆள். கதை முடியும்வரை காத்திருந்தார். பிள்ளைகள் ஓடி விளையாடப் போன பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது எரிமலையே இல்ல. உருகின பாறை வெளிய வரவே இல்ல, பூமிக்குள்ளயே ஆறிப்போச்சு. மேல இருந்ததெல்லாம் கரைஞ்சு போனதால இன்னைக்கு மலையா நிக்குது. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, உங்க தப்பு இல்ல."

அஞ்சலீனா சிரித்துக்கொண்டு நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கணக்குப் போட்டால் முந்நூறு பிள்ளைகள் வரும். அதில் மூத்ததுகள் இப்போது மீசை வைத்துக்கொண்டு மெத்ரோவில் அவளைக் கண்டு பொன்ஜூர் சொல்லுகிற ஆட்கள். அத்தனை பேருக்கும் அவள், யாரோ சொன்னதைத் தானே பார்த்ததுபோலச் சொல்லி வைத்திருக்கிறாள். ஹென்றி, போனால் போகட்டும், அதுகள் எப்பவோ மறந்திருக்கும் என்றார். போகட்டும் என்று விடுகிற ஆளா அஞ்சலீனா? முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற சாதி அவள். அடுத்த செப்டெம்பரில் மலைக்குப் போனபோது கதை சொல்லவில்லை. பிள்ளைகள் அணிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். உயிரோடு இருக்கிற எரிமலை ஒன்றைத் தன் கண்ணால் ஒரு தரம் பார்க்கவேண்டும், பிறகு பார்த்ததை மட்டும் சொல்லவேண்டும் என்று அவள் மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மகள் றொஷினி தாதிப் படிப்பு முடித்தாள். வேலை தொடங்குமுன் இரண்டு மாதம் முதுகுப்பையோடு தென் அமெரிக்கா சுற்றப் போகிறேன் என்று மேசையில் வரைபடத்தை விரித்தாள். ஆர்ஜென்டினாவின் மேற்கு ஓரத்தில் சின்னச் சிவப்பு முக்கோணங்கள் இருந்தன. தாய் அதில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டாள். எரிமலை என்றாள் மகள். அப்ப நானும் வாறன் என்றாள் தாய். றொஷினியின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, சண்டை நடந்தது. கடைசியில் மூன்று கிழமை மட்டும், முறைப்பாடு எதுவும் இல்லை, சோறு கேட்கக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் பெப்ரவரியில் விமானம் ஏறினார்கள்.

சோற்று விசயத்தில் அஞ்சலீனா வாக்குத் தவறவில்லை. பூசை விசயத்தில்தான் பிசகியது.

அவர்கள் போகவேண்டிய மலைக்குக் கொப்பாவே என்று பெயர். அடிவாரத்தில் கவியாவே என்ற சின்ன ஊர். அங்கே பவுலா என்ற வழிகாட்டிப் பெண் திங்கட்கிழமை விடியப்புறம் பன்னிரண்டு பேரை மலை வாய்க்குக் கூட்டிப் போகிறாள். செவ்வாயிலிருந்து ஒரு கிழமைக்குப் பெருங்காற்று, யாரையும் ஏற்றமாட்டார்கள். வியாழக்கிழமை அஞ்சலீனாவுக்கு மொன்ட்ரியாலுக்கு விமானம். ஆகத் திங்கள் விட்டால் இல்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சப்பாலா நகரத்திலிருந்து கவியாவேக்கு ஒரு பஸ் இருந்தது. ஒன்பது மணிக்குத்தான் அங்கத்தைய கத்தோலிக்கக் கோயிலில் பூசையும் இருந்தது. வேறு பூசை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுப்போட்டு மலை ஏறப் போனால் கால் சறுக்குமா சறுக்காதா என்று தாய் கேட்டாள். பின்னேரம் இன்னொரு பஸ் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் தானே சொல்லிக்கொண்டாள். சுவாமியார் விளங்காத பாசையில் முக்கால் மணித்தியாலம் பிரசங்கம் வைத்தார். வெளியே வந்து விசாரித்தால் அடுத்த பஸ் செவ்வாய்க்கிழமை.

றொஷினி கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு நடந்தாள், தாய் பின்னால் போனாள். இனிக் கட்டைவிரலைக் காட்டி, போகிற வாகனத்தை மறித்து ஏறுகிற வழிதான். கியூபெக்கில் பெடியள் இதைப் 'பூஸ்' என்று சொல்லுவார்கள். முன்பின் தெரியாதவனுடைய வாகனத்தில் ஏறுவதா என்று கேட்கத் தாய்க்கு வாய் வந்தது. பிழை தன்னுடையது என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

அவளும் சும்மா நிற்கவில்லை. மன்னாரில் பஸ் மறிக்கிற மாதிரிக் கையை முழுதாக நீட்டி மேலும் கீழும் ஆட்டினாள். அந்த ஊர்ச் சனம் நல்ல சனம். ஒவ்வொரு வாகனமும் வேகத்தைக் குறைத்து, உள்ளே இருந்தவர்கள் சிரித்து, பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். எட்டாவது கார் போன பிறகு றொஷினிக்கு ஆத்திரம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா, அவை நீங்கள் வணக்கம் சொல்லுறீங்கள் எண்டு நினைக்கினம் என்று சொல்லித் தாயின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கட்டைவிரலை மட்டும் நிமிர்த்திவிட்டாள். பிறகு ஆட்டுத்தோல் ஏற்றிவந்த லொறி ஒன்று நின்றது. எழுபது கிலோமீற்றர் கொண்டுபோய், பாதை இரண்டாகப் பிரிகிற சந்தியில் இறக்கிவிட்டு மற்றப் பக்கம் போய்விட்டது.

அந்தச் சந்தியில் ஒன்றும் இல்லை. அஞ்சலீனா தன் வாழ்நாளில் அவ்வளவு பெரிய ஒன்றும் இல்லாததைப் பார்த்ததில்லை. காய்ந்த புல், கறுப்புக் கல், காற்று. எந்தக் காலத்திலோ எரிமலை துப்பின கல் கண்ணுக்கு எட்டின மட்டும் அப்படியே கிடந்தது. தூரத்தில் மலைத்தொடர் வெள்ளையாக நின்றது. இதைச் செய்து வைத்தவருக்கு மனிதர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. இரண்டு மணித்தியாலத்தில் மூன்று வாகனம் போயின, மூன்றும் நிரம்பியிருந்தன. கையிலிருந்த தண்ணீர் முடிந்துவிட்டது. தொலைவில் ஒரு கூரை தெரிந்தது. றொஷினி வெற்றுப் போத்தலை எடுத்துக்கொண்டு, நீங்கள் அந்த நிழலிலை போய் இருங்கோ, நான் கேட்டுக்கொண்டு வாறன் என்று நடந்தாள்.

நிழல் என்றால் சந்திக்குக் கொஞ்சம் அங்கால் ஒரு சின்னக் கூண்டு. பாதையோரத்தில் சீமெந்தால் கட்டி உள்ளே ஒரு சுரூபம் வைத்திருந்தார்கள். சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கிறாள், மார்பில் ஒரு குழந்தை. படுத்திருக்கிற மாதாவை அஞ்சலீனா கண்டதில்லை, என்றாலும் ஊருக்கு ஊர் மாதா ஒவ்வொரு கோலம்தானே. அவள் சிலுவை அடையாளம் போட்டாள். அப்போதுதான் கூண்டைச் சுற்றிப் பார்த்தாள். போத்தல்கள். இருநூறோ முந்நூறோ பிளாஸ்டிக் போத்தல்கள், எல்லாம் தண்ணீர் நிரப்பி, மூடி இறுக்கி, அடுக்கியபடி.

மன்னாரில் மடுமாதா கோயில் திருவிழாவுக்குக் கால்நடையாகப் போகிற சனத்துக்குப் பாதை நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. குடித்துவிட்டு, மாதாவே எண்டு சொல்லிப்போட்டு நடக்கவேண்டியதுதான். இந்தப் பொட்டல்வெளியிலும் நடக்கிற சனத்தை நினைத்து வைத்திருக்கிறார்களே என்று அஞ்சலீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புதிதாகத் தெரிந்த ஒரு போத்தலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள். இரண்டாவதை எடுத்து முகம் கழுவினாள். மகளுக்கு என்று மூன்றாவதைப் பையில் செருகினாள்.

செருகிக்கொண்டு நிமிர்ந்தால் முன்னால் ஒரு பழைய நீல நிற பிக்கப் நிற்கிறது. பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர், ஒரு கையில் தொப்பி, மற்றக் கையில் ஒரு போத்தல் தண்ணீர். காற்று இரைச்சலில் அவள் வாகனம் வந்ததைக் கேட்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிராசியாஸ் என்று நன்றி சொன்னாள் அஞ்சலீனா, தெரிந்த ஒரே ஸ்பானிய வார்த்தை.

வாகனத்தைக் கண்டு, வெற்றுப் போத்தலோடு றொஷினி ஓடி வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்பானியத்தில் அந்த மனிதரோடு கதைத்தாள். கதைக்கக் கதைக்க அவளுடைய கண் பெரிதாவதைத் தாய் பார்த்தாள்.

அது மாதா இல்லை என்று றொஷினி தாய்க்குச் சொன்னாள். அந்தக் காலத்தில் கைக்குழந்தையோடு புருசனைத் தேடிப் பாலைவெளியில் நடந்து, தாகத்தில் செத்துப்போன ஒரு பெண். சனம் கண்டெடுத்தபோது தாய் உயிரில்லாமல் கிடந்தாளாம், பிள்ளை அவள் மார்பில் பால் குடித்துக்கொண்டு உயிரோடு இருந்ததாம். அதனால் அந்த நாட்டில் பாதையில் போகிறவர்கள் அவளுடைய தாகத்துக்கென்று ஒரு போத்தல் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்கள். நேர்த்திக்கடன். அதை எவரும் தொடமாட்டார்கள்.

அஞ்சலீனாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செத்த மனுசிக்குப் படைத்ததை எடுத்துக் குடித்தது போதாதென்று மூஞ்சியும் கழுவியிருக்கிறாள். கவியாவேக்குப் போகக்கூடிய ஒரே வாகனம் இது, இந்த மனிதர் இனி ஏற்றுவாரா? மலை போச்சுது என்று நினைத்தாள். ஆனால் அதைவிட இன்னொன்று முன்னுக்கு வந்து நின்றது. பையிலிருந்த போத்தலை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, றொஷினியைப் பிடித்து, நான் களவெடுக்கேல்லை எண்டு அவருக்குச் சொல்லு என்றாள். எங்கட ஊரிலை பாதையிலை தண்ணி வைச்சா அது நடக்கிற சனத்துக்கு, மடுவுக்குப் போற பாதையைச் சொல்லு, வடிவாச் சொல்லு.

றொஷினி சொன்னாள். அவர் கேட்டார். பிறகு ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். தூரத்திலிருந்தா வந்தா? ஓம். நடந்தா? கொஞ்சம் நடந்தும். தாகமா இருந்ததா? ஓம், சரியான தாகம். அந்த மனிதர் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். சுரூபத்தைப் பார்த்தார். பிறகு றொஷினியிடம் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு அந்தப் போத்தலை அஞ்சலீனாவிடம் நீட்டினார்.

றொஷினி மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இவர் இருபத்தாறு வருசமா இதிலை தண்ணி வைக்கிறாராம். பனிக்குள்ளை ரெண்டு நாள் வாகனம் இறுகி, கைக்குழந்தையோட தப்பின நேர்த்திக்கடனாம். வைச்ச தண்ணியைக் குடிச்ச ஆளை இண்டைக்குத்தான் காண்கிறாராம். இதையும் நீங்கள் குடிக்கோணுமாம்."

அஞ்சலீனாவுக்கு வயிறு முட்டித் தண்ணீர். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நற்கருணை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு சொட்டும் சிந்தாமல், மூச்சு வாங்கி வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாள். யாருடைய தாகத்துக்குத் தான் குடித்தாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருடைய பெயர் ரமோன். கவியாவே வரைக்கும் போகத் தேவையில்லாத மனிதர், அவர்கள் தங்குகிற விடுதி வாசல்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் திரும்பினார்.

திங்கட்கிழமை. மலை அடிவாரம்வரை ஜீப்பில் போய், விடிய ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினார்கள். பவுலா சிரித்த முகம், ஆனால் சொல் ஒன்றுதான். மேலே ஒரு தனிக் கறுப்புப் பாறை இருக்கிறது, பதினொரு மணிக்கு அதைத் தாண்டியவர்கள் மட்டும் மலை வாய்க்கு வரலாம், மற்றவர்கள் உதவியாளர் ஒருவரோடு திரும்பவேண்டும். பின்னேரம் காற்று எழும்பினால் நச்சுப்புகை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

சாம்பல் மண்ணில் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். முழங்கால் நெருப்பாக எரிந்தது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கையில் ஏறத்தான் வேண்டும் என்று அஞ்சலீனா தன்னைத் தானே ஏசிக்கொண்டு ஏறினாள். மற்றப் பத்துப் பேரும் இன்னொரு உதவியாளரோடு முன்னால் போய்விட்டார்கள். பாறையை அவள் தொட்டபோது பதினொன்று இருபது. அங்கே காத்திருந்த பவுலா அவளுடைய கையைப் பிடித்து, மன்னியுங்கள் என்றாள்.

றொஷினிக்கும் தாயைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நீங்கள் இருங்கோ, நான் போய் வடிவா வீடியோ எடுத்துக்கொண்டு வாறன், அப்படியே நேரிலை பாத்த மாதிரி இருக்கும் என்றாள்.

"வேண்டாம் பிள்ளை," என்றாள் அஞ்சலீனா. "ஆரோ பாத்ததை வைச்சுத்தான் இவ்வளவு நாளும் கதைச்சனான். நான் பாக்காட்டிப் பாக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு இருப்பன். நீ போயிட்டு வா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பாறையில் இருந்துகொண்டு சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். மகள் தாயின் பையைக் கழற்றித் தன் நெஞ்சில் மாட்டிக்கொண்டு பவுலாவிடம் போனாள். என்ன கதைத்தாளோ தெரியாது. பவுலா மேலே புகை சாய்கிற பக்கத்தைக் கனநேரம் பார்த்தாள். இறங்கி வந்து அஞ்சலீனாவின் முன்னால் குந்தி, அந்த நாடாவைத் தானே இறுக்கிக் கட்டினாள். நாற்பது நிமிடம், என்னுடைய காலடியில் கால் வைத்து வரவேண்டும், ஒரு தரம் பின்தங்கினாலும் கீழே என்றாள். பை இல்லாத உடம்போடு அஞ்சலீனா எழும்பினாள். அந்த நாற்பது நிமிடமும் பவுலாவின் குதிகாலைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

முதலில் வந்தது மணம். அழுகின முட்டையும் தீக்குச்சியும் கலந்த மணம். பிறகு சத்தம், சத்தம் என்றும் சொல்ல முடியாது, சப்பாத்துக்கு அடியிலிருந்து வயிற்றுக்குள் ஏறுகிற ஒரு அதிர்வு. ஓரிடத்தில் பனி உருகி மண் தெரிந்தது. பவுலா கையுறையைக் கழற்றி அதைத் தொடச் சொன்னாள். அஞ்சலீனா தொட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல மண் சுட்டது. அவள் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். அவளுக்கு முகமூடியை மாட்டிவிட்டுப் பவுலா விலகி நின்றாள்.

அதற்கு அங்கால் மலை இல்லை. பெரிய பள்ளம், மஞ்சளும் சாம்பலுமான சுவர்கள், ஒரு பக்கத்தில் நீலப் பனிக்கட்டி தொங்குகிறது. அடியில் ஒரு ஏரி, பச்சையா வெள்ளையா என்று சொல்ல முடியாத நிறம், கொதித்துப் புகைகிறது. புகை திரண்டு எழுந்து எல்லாவற்றையும் மூடியது. மூடிய பிறகும் அது உள்ளே மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு காற்று ஒரு பக்கம் இழுக்க முழுவதும் திறந்தது. உலகம் இன்னும் செய்து முடிக்கப்படவில்லை, இங்கே இப்போதும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அஞ்சலீனாவுக்குத் தோன்றியது. கும்பிட நினைத்தாள், எந்தச் செபமும் வாயில் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல என்று வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. கண்ணீர் மட்டும் முகமூடிக்குள் ஓடியது. அது புகையால் என்று பிறகு சாதித்தாள்.

பவுலா கையைத் தூக்கினாள், போவோம். றொஷினி தாயின் தோளைத் தொட்டாள். தாய் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. என்னம்மா என்று குனிந்து கேட்டாள்.

"பயமாக் கிடக்குப் பிள்ளை," என்றாள் அஞ்சலீனா. "சரியான பயமாக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் நிப்பம்."

றொஷினி பவுலாவைத் திரும்பிப் பார்த்து, இன்னும் இரண்டு நிமிடம் என்று இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு தாயின் இடுப்புப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தானும் எட்டிப் பார்த்தாள்.